கொழந்த கை காட்டுது, ஆனா இன்னும் பேசல: அடிக்கடி கேக்குற கேள்விங்க

கடலூர்ல ஸ்பீச் தெரபி பாக்குறவ நான். ஓ.டி.ங்கற முதுநகர், மஞ்சக்குப்பம், பண்ருட்டி பக்கம், பாண்டிலேர்ந்துகூட ஒரு வயசு ஒன்றரை வயசு கொழந்தைய தூக்கிக்கிட்டு வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குறது கையப் பத்தியும் பேச்சப் பத்தியும்தான். எல்லாருக்கும் நின்னு நெதானமா பதில் சொல்ல நேரம் கெடைக்கிறதில்ல, அதான் இங்க எழுதி வைக்கிறேன். உங்க வீட்டு ஆயாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க, ஏன்னா பாதி கேள்வி அவங்களோடதுதான்.

எங்க பாப்பாவுக்கு ஒன்னேகால் வயசு. எது வேணும்னாலும் கை காட்டுது, வாயத் தொறக்க மாட்டேங்குது. சைகையிலயே பழகிட்டா பேச்சு வராம போயிடுமா?

போகாதுங்க. கை காட்டுற கொழந்த பேச்சுக்குப் பக்கத்துல வந்துடுச்சுன்னுதான் அர்த்தம். இது நானா சொல்ற ஆறுதல் இல்ல. அமெரிக்காவுல ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 10 கொழந்தைங்கள 10 மாசத்துலேர்ந்து 24 மாசம் வரைக்கும் அவங்கவங்க வீட்டுலயே வீடியோ எடுத்துப் பாத்து 2005-ல எழுதினாங்க. ஒரு கொழந்த எந்தப் பொருள மொதல்ல கையால காட்டுச்சோ அந்தப் பொருளோட பேரு கொஞ்ச நாள் கழிச்சு அதோட வாயில வந்துச்சு. அதாவது கை முன்னாடி போகுது, வாய் பின்னாடி வருது.

காரணம் ரொம்ப சாதாரணம். பேசுறதுன்னா நாக்கு, ஒதடு, மூச்சு, தொண்ட எல்லாம் ஒரே நேரத்துல ஒத்துழைக்கணும், ஒரு வயசுல அது கஷ்டமான வேல. விரல நீட்டுறது அதவிட சுளுவு. சொல்லணும்ங்கற எண்ணம் உள்ள வந்துடுச்சு, வாய் தயாராகுற வரைக்கும் கை அந்த வேலையப் பாக்குது.

எந்த மாசத்துல என்ன பண்ணணும்?

கொழந்தைக்குக் கொழந்த கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. 9 மாசம் வாக்குல தூக்கச் சொல்லி ரெண்டு கையையும் மேல தூக்கும். ஒரு வயசுல டாட்டா காட்டும். 15 மாசத்துல வேணுங்கறதக் கை நீட்டிக் கேக்கும், இல்ல உதவிக்குக் கூப்புடும். 18 மாசத்துல சும்மா "அங்க பாரு"ன்னு உங்களுக்குக் காட்டறதுக்காகவே விரல் நீட்டும். ரெண்டு வயசுல தலையாட்டி சரிங்கறது, பறக்கும் முத்தம் குடுக்கறதுன்னு இன்னும் நெறைய வந்திருக்கும். அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2022-ல திருத்தி வெளியிட்ட பட்டியலும் ஏறக்குறைய இதத்தான் சொல்லுது.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. பிள்ளைத்தமிழ்ல பருவம் பிரிச்சிருக்காங்க பாருங்க, கொழந்த கை கொட்டுற சப்பாணிப் பருவம் 9-ம் மாசம், நெலாவக் கூப்புடுற அம்புலிப் பருவம் 15-ம் மாசம்னு வழக்கமா சொல்லுவாங்க. மொட்ட மாடியில இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு "அதோ நெலா பாரு"ன்னு காட்டுனவங்க கொழந்தைங்கள எவ்ளோ உன்னிப்பா கவனிச்சிருந்தா இப்படி மாசக்கணக்கு வந்திருக்கும்! எனக்கு அதப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமா இருக்கும்.

விரல நீட்டுறதுல அப்படி என்ன பெரிய விஷயம் இருக்கு?

நெறைய இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரெண்டு விதமான கை காட்டல் இருக்குன்னு எலிசபெத் பேட்ஸும் இத்தாலியில அவங்ககூட வேல செஞ்ச ரெண்டு பேரும் 1975-லயே எழுதிட்டாங்க. ஒன்னு "அத எடுத்துக் குடு". இன்னொன்னு "அதப் பாரேன்". மொதல்ல சொன்னதுல கொழந்தைக்கு பிஸ்கட் வேணும், நீங்க அதுக்கு ஒரு வழி. ரெண்டாவதுல கொழந்தைக்கு எதுவுமே வேணாம், தான் பாத்தத நீங்களும் பாக்கணும், அவ்ளோதான். பேச்சோட விதை இந்த ரெண்டாவதுலதான் இருக்குன்னு நான் நம்புறேன். நாம பேசுறதுல பாதிக்கு மேல எதையும் கேட்டு வாங்குறதுக்காகப் பேசுறதில்லையே, பாத்தத சொல்றதுக்காகத்தான பேசுறோம்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல ஒரு கொழந்தைய ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. மணல்ல குதிர போகுது. அப்பா தோள்ல இருக்குற கொழந்த மொதல்ல குதிரையப் பாக்குது, ஒடம்பு அப்படியே விறைக்குது, விரல் நீளுது, "ஆ"ன்னு ஒரு சத்தம். அப்புறம் தலையத் திருப்பி அப்பா மூஞ்சியப் பாக்குது. இந்தத் திரும்பிப் பாக்குறதுதான் முக்கியம், அப்பா பாத்தாரா இல்லையான்னு செக் பண்ணுது. அப்பா குதிரையப் பாத்துட்டு, கொழந்தையப் பாத்து, "ஆமா, குதிர! குதிர ஓடுது"ன்னா விரல் எறங்கிடும், மூஞ்சி மலரும். அப்பா போன்ல இருந்தார்னா விரல் எறங்காது, மறுபடி மறுபடி நீட்டும், சத்தம் கூடும், கடைசியில சிணுங்கும். 12 மாசக் கொழந்தைங்கள வச்சு உல்ஃப் லிஸ்கோவ்ஸ்கி குழு 2004-ல இதயே சோதன பண்ணிப் பாத்தாங்க. பெரியவங்க பொருள மட்டும் பாத்தாலும் கொழந்தைக்குப் பத்தல, கொழந்தைய மட்டும் பாத்துக் கொஞ்சினாலும் பத்தல, ரெண்டையும் மாறி மாறிப் பாத்து ஏதாவது பேசினாத்தான் திருப்தி ஆச்சு.

"குதிர"ங்கற வார்த்த அந்த நேரத்துல காதுல விழுந்தா அது ஒட்டிக்கும். கொழந்தையோட கண்ணு, மனசு, ஆச எல்லாம் அந்த ஒரு பொருள் மேல இருக்குற நேரம் அது. வேற நேரத்துல சார்ட்டுல குதிரப் படத்தக் காட்டி பத்து தடவ சொல்றதவிட இந்த ஒரு தடவைக்கு மதிப்பு ஜாஸ்தி.

கை காட்டினதும் எடுத்துக் குடுத்தா அதுக்கு பேசணும்னே தோணாதுன்னு மாமியார் சொல்றாங்க. வாயால கேட்டாத்தான் தரணுமா?

தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. "தண்ணின்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்"னு டம்ளரப் பின்னாடி வச்சுக்கிட்டு நிக்கிறத நான் எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன், கொழந்த அழுவும், கடைசியில ரெண்டு பேருக்கும் தொண்டதான் காயும். அது அதோட முழு முயற்சியையும் போட்டு உங்களுக்குப் புரியிற மாதிரி கேட்டிருக்கு, அதுக்குப் பதில் வராட்டி கேக்குறதே வேஸ்ட்டுன்னு கத்துக்கும்.

மாமியார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அத விட்டுடக் கூடாது. கொழந்த கை தூக்குறதுக்கு முன்னாடியே, மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துட்டா அதுக்குக் கேக்க வேண்டிய தேவையே வராது. அதனால ரெண்டு மூனு நொடி காத்திருங்க, கை காட்டட்டும், காட்டினதும் "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி, ஜில்லுன்னு இருக்கா தண்ணி"ன்னு பேரு சொல்லிக்கிட்டே குடுங்க. திருப்பிச் சொல்லுன்னு கேக்க வேணாம். சொல்லிட்டு குடுக்குறது உங்க வேல, வாயில வர்றது அதுக்கு நேரம் வரும்போது வரும்.

ஒரு வார்த்த வந்துடுச்சு, ரெண்டு வார்த்த சேத்து எப்போ பேசும்?

இதுக்கும் கையத்தான் பாக்கணும். வாசல்ல கெடக்குற செருப்பக் காட்டி கொழந்த "செப்பு"ன்னா வாயும் கையும் ஒரே விஷயத்த சொல்லுது. அதே செருப்பக் காட்டி "அப்பா"ன்னு சொன்னா கவனிங்க, அது அப்பாவோட செருப்புன்னு சொல்லுது. ஒரு பாதி வாயில, ஒரு பாதி விரல்ல, ஆனா வாக்கியம் முழுசா இருக்கு. நான் மேல சொன்ன 2005 ஆராய்ச்சியில எந்தக் கொழந்த இந்த மாதிரி வேற வேற ரெண்டு விஷயத்த சேத்து சொல்ல சீக்கிரம் ஆரம்பிச்சுதோ அதுவே ரெண்டு வார்த்தையும் சீக்கிரம் சேத்துப் பேச ஆரம்பிச்சுது. அப்போ நீங்க பண்ண வேண்டியது அந்த வாக்கியத்த வாயால முடிச்சுக் குடுக்குறது: "ஆமா, அப்பா செருப்பு. அப்பா வந்துட்டாங்க!"

எங்க வீட்டுல பொம்ம, புக்குன்னு வாங்கிக் குடுக்க வசதி இல்ல. கொழந்த பின்தங்கிடுமா?

இந்தக் கேள்விய கேக்குறவங்க குரல் எப்பவும் கொஞ்சம் எறங்கியே இருக்கும், எனக்கு அது கஷ்டமா இருக்கும். மெரெடித் ரோவும் கோல்டின்-மெடோவும் சிகாகோவுல 50 குடும்பங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சி 2009-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. 14 மாசக் கொழந்தைங்கள 90 நிமிஷம் வீட்டுல கவனிச்சாங்க. வசதியான வீட்டுக் கொழந்த சராசரியா 24 விதமான விஷயத்த கையால சொல்லுச்சு, வசதி கொறஞ்ச வீட்டுக் கொழந்த 13. நாலரை வயசுல எத்தன வார்த்த தெரியுதுன்னு பாத்தப்போ இருந்த வித்தியாசத்துல ஒரு பங்குக்கு இந்தக் கை காட்டல் காரணமா இருந்துச்சு. கை காட்டல்ல இருந்த வித்தியாசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா, அம்மா அப்பா கொழந்தகிட்ட எவ்ளோ கைய ஆட்டிப் பேசுறாங்கங்கறதுலேர்ந்து.

இதுல நான் எடுத்துக்குறது ஒன்னுதான், கை காட்டிப் பேசுறதுக்கு காசு வேணாம். மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது கொழந்தைய முன்பக்கம் பாத்த மாதிரி தூக்கிக்கிட்டுப் போங்க, நண்டு, எறா, மத்தி, கூடை, தராசுன்னு ஒவ்வொன்னையும் காட்டிப் பேசிக்கிட்டே போங்க. பெரிய கடையில விக்கிற எந்த பொம்மையும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

நாம சொல்லிக் குடுத்து கை காட்ட வச்சா பேச்சு கூடுமா, இல்ல தானா வந்தாத்தானா?

சின்ன அளவுல சோதிச்சுப் பாத்திருக்காங்க. 17 மாசக் கொழந்தைங்க 15 பேர எடுத்து, எல்லாருக்கும் ஒரே படங்களக் காட்டி பேரு சொன்னாங்க, சில பேருகிட்ட மட்டும் "நீயும் விரல வை"ன்னு சொல்லி படத்தத் தொட வச்சாங்க. வாரம் ஒரு தடவன்னு 6 வாரம். விரல் வச்ச கொழந்தைங்க அப்புறம் தங்களா நெறைய கை காட்ட ஆரம்பிச்சு, அவங்க பேச்சுல வார்த்தையும் கூடுச்சு. ஈவ் லெபார்ட்டன் குழு 2015-ல வெளியிட்டது. 15 பேருங்கறது கம்மிதான், அதனால ஓவரா நம்பவும் வேணாம், ஆனா இதுல நஷ்டம் எதுவும் இல்லயே.

பேபி சைன் லாங்குவேஜ்னு ஆன்லைன் கிளாஸ் வருது, பணம் கட்டலாமா?

வேணாம்னுதான் சொல்லுவேன். பால் வேணும், இன்னும் வேணும்னு கொழந்தைக்கு சைகை சொல்லிக் குடுக்குற முறைய அமெரிக்காவுல லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் ரெண்டு பேரும் பிரபலப்படுத்துனாங்க, பேச்சு சீக்கிரம் வரும்னும் சொன்னாங்க. அப்புறம் இங்கிலாந்துல எலிசபெத் கர்க் குழு 40 கொழந்தைங்கள 8 மாசத்துலேர்ந்து 20 மாசம் வரைக்கும் பாத்து 2013-ல எழுதினப்போ பேச்சு சீக்கிரம் வந்த மாதிரி தெரியல. ஆனா சைகை சொல்லிக் குடுத்த அம்மாக்கள் கொழந்தையோட சின்னச் சின்ன குறிப்பக்கூட நல்லா கவனிச்சு பதில் சொல்ல ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த லாபம் மட்டும் போதும்னா கிளாஸ் எதுக்கு?

"கை வீசம்மா கை வீசு" பாடுங்க, "சாஞ்சாடம்மா சாஞ்சாடு" பாடுங்க. உள்ளங்கையில பருப்பு கடஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, ஆயாவுக்குன்னு சோறு குடுத்துட்டு, "நண்டு ஊருது நரி ஊருது"ன்னு கை மேல ஏறி அக்குள்ல கிச்சு கிச்சு மூட்டுவோமே, அதுல என்ன நடக்குதுன்னு பாருங்க. நாலாவது தடவ வெளையாடும்போது நீங்க விரல அக்குள் கிட்ட கொண்டுபோகாம நிறுத்துங்க. கொழந்த உங்க கையையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்கும், தோள சுருக்கும், உங்க கையப் புடிச்சு இழுக்கும். "அடுத்தது உன் முறை"ங்கறது அதுக்குத் தெரிஞ்சுடுச்சு. பேச்சுங்கறதும் முறை மாத்தி முறை நடக்குறதுதான்.

அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு. வீடியோ கால் பேசினாலும் ஸ்கிரீன் கணக்குல வருமா?

வராது, தாராளமா பேசுங்க, ஏன்னா அந்தப் பக்கம் பதில் சொல்ற ஆள் இருக்காங்க. ரைம்ஸ் வீடியோ வேற. அதுல வர்ற பொம்மையும் கை காட்டும், ஆனா உங்க கொழந்த திருப்பிக் கை காட்டினா அதுக்குத் தெரியாது. 2 வயசுக்குள்ள ஸ்கிரீன் வேணாம், 2-லேர்ந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு.

வீடியோ கால்ல ஒரு சிக்கல் உண்டு. கொழந்த ஃபேனக் காட்டும், போன் அதோட மூஞ்சியத்தான் காட்டும், அப்பாவுக்கு ஃபேன் தெரியாது, "என்ன செல்லம், என்ன?"ன்னே கேட்டுக்கிட்டு இருப்பாரு. போனப் புடிச்சிருக்குறவங்க அது காட்டுற பக்கம் திருப்பி "அப்பாவுக்கு ஃபேன் காட்டுறியா? ஃபேன் சுத்துது"ன்னு சொன்னா போதும், அப்பாவும் உள்ள வந்துடுவாரு.

பூசணிப் பிஞ்ச விரல் நீட்டிக் காட்டினா அழுகிடும்னு ஆயா கொழந்த கையத் தட்டி விடுறாங்க.

ஆயாவ மாத்த முடியாது, சண்டையும் வேணாம். பூசணிக்குப் பதிலா காக்கா, ஆடு, பஸ்ஸுன்னு வேற எதையாவது காட்டச் சொல்லுங்க. கையத் தட்டி விடுறது மட்டும் வேணாம்னு பக்குவமா சொல்லிப் பாருங்க.

பாண்டியில இருக்கோம். வீட்டுல தமிழ், எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க பிரெஞ்ச், பக்கத்து வீட்டுல இங்கிலீஷ். கொழந்த கொழம்பிடுமா?

கொழம்பாது. ரெண்டு மொழி கேக்குறதால பேச்சுக் கோளாறு வர்றதில்ல. வார்த்தைய எண்ணும்போது எல்லா மொழியிலயும் சேத்து எண்ணுங்க. யாரு எந்த மொழியில பேசினாலும் விரல் ஒன்னுதான், அவங்கவங்க மொழியில பேரு சொல்லட்டும்.

வசம்பும் தேனும் நாக்குல தடவினா பேச்சு வருமா?

வராது. ஒரு வயசுக்குள்ள தேன் தரவே கூடாது, பாட்யூலிசம்னு நரம்பப் பாதிக்கிற வியாதி வர வாய்ப்பு இருக்கு. நாக்குக்கு அடியில கட்டு, அதாவது நாக்க இழுத்துப் புடிக்கிற சவ்வு இருந்தா சில எழுத்து சரியா வராம இருக்கலாம், ஆனா கொழந்த பேசாமலே இருக்குறதுக்கு அது காரணம் ஆகாது.

எப்போ பயப்படணும்? எங்க காட்டணும்?

பேச்சு வரலங்கறதவிட கையும் வரலங்கறதுதான் எனக்கு பெரிய விஷயம். ஒன்றரை வயசுல வார்த்த கம்மி, ஆனா கை காட்டுது, மூஞ்சியப் பாக்குது, சொன்னா புரிஞ்சுக்குதுன்னா கொஞ்சம் நெதானமா கவனிக்கலாம், அப்பவும் காது டெஸ்ட் ஒன்னு எடுத்துடுங்க. ஒன்றரை வயசாகியும் எதையும் காட்டல, பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பல, டாட்டா இல்ல, உங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் கதவுத் தாப்பாள் மேல வைக்குது ஆனா உங்க மூஞ்சியப் பாக்கலன்னா, "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு யாரு சொன்னாலும் காத்திருக்காதீங்க. கத்துக்கிட்டிருந்த வார்த்தையோ சைகையோ காணாம போச்சுன்னா எந்த வயசா இருந்தாலும் ஒடனே போங்க.

16-லேர்ந்து 30 மாசம் வரைக்கும் ஆட்டிசத்துக்கு எம்-சாட்னு 20 கேள்வி கேப்பாங்க, அதுல கேக்குறதுக்காக விரல் நீட்டுதா, காட்டுறதுக்காக விரல் நீட்டுதான்னு தனித்தனியாவே ரெண்டு கேள்வி இருக்கு. அதுல மார்க் ஏறினா வியாதின்னு அர்த்தம் இல்ல, இன்னும் நல்லாப் பாக்கணும்னு அர்த்தம்.

மொதல்ல காது. ஓஏஇ, பெரான்னு ரெண்டு டெஸ்ட் இருக்கு, கொழந்த பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, தூங்கும்போதே எடுத்துடலாம். பாண்டியில ஜிப்மர்ல கொழந்தைகள் பிரிவும் ஈஎன்டியும் இருக்கு. ஆர்பிஎஸ்கேங்கறது கொழந்தைங்க உடல்நலத்தப் பரிசோதிக்க 2013-லேர்ந்து நடக்குற மத்திய அரசுத் திட்டம், அங்கன்வாடிக்கு வர்ற அதோட டீம் எழுதிக் குடுத்தா மாவட்ட ஆரம்பகட்டத் தலையீட்டு மையத்துக்குப் போகலாம். ஈசிஆர்ல முட்டுக்காட்டுல நிப்மெட் இருக்கு, பல வகைக் குறைபாடு இருக்குற கொழந்தைங்களுக்கான மத்திய அரசு நிறுவனம்.

காது கேக்கலன்னு சொல்லிட்டாங்க. மிஷின் வைக்கப் போறோம். அதுக்குள்ள சைகை சொல்லிக் குடுத்தா பேச்சு கெட்டுடுமா?

கெடாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல உள்காதுல கருவி பொருத்துற காக்ளியர் ஆபரேஷன் இருக்கு, சீக்கிரம் பண்ணினா நல்லது, அதுக்காக அலைங்க. ஆனா அதுவரைக்கும் கொழந்தைய மொழியே இல்லாம வைக்காதீங்க. கொழந்த சும்மா கை காட்டுறது வேற, காது கேக்காதவங்க பேசுற சைகை மொழி வேற, அது இலக்கணத்தோட இருக்குற முழு மொழி. நிகராகுவாவுல காது கேக்காத கொழந்தைங்களுக்காக 1977-ல பள்ளிக்கூடம் தொறந்தாங்க, யாரும் சைகை மொழி சொல்லிக் குடுக்கல, வீட்டு சைகையோட வந்த கொழந்தைங்க ஒன்னா சேந்து தங்களுக்குள்ளயே ஒரு புது மொழிய உருவாக்கிட்டாங்க. மொழி வேணும்ங்கற பசி அவ்ளோ பெருசு.

பொறவியிலேயே பார்வ இல்லாத கொழந்த சைகை காட்டுமா?

பேசும்போது கைய ஆட்டும். ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் பொறந்ததுலேர்ந்தே பார்வ இல்லாத 12 பேர, சின்னவங்களும் டீன் ஏஜ் புள்ளைங்களுமா, கவனிச்சு 1998-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அவங்க கைய ஆட்டித்தான் பேசுறாங்க, எதிர்ல இருக்குறவரும் பார்வ இல்லாதவர்னு தெரிஞ்சும் ஆட்டுறாங்க. அப்போ கை எதிராளிக்காக மட்டும் ஆடல, பேசுறவங்க யோசிக்கிறதுக்கும் ஆடுது. இந்தக் கொழந்தைங்களுக்கு நீங்க விரல் நீட்டிக் காட்டி பிரயோஜனம் இல்ல, பொருள அவங்க கையில குடுத்து, உங்க கைய அவங்க கைக்கு அடியில வச்சு, தடவித் தடவி பேரு சொல்லணும்.

பேச்சு நல்லா வந்துடுச்சு, ஸ்கூல் போகுது. இன்னும் கைய ஆட்டி ஆட்டித்தான் பேசுது. டீச்சர் கையக் கட்டிக்கிட்டு பதில் சொல்லச் சொல்றாங்க.

"கையக் கட்டு, வாயப் பொத்து"ன்னு நம்ம எல்லாருமே உக்காந்து வந்தவங்கதான், ஆனா கணக்கு சொல்லும்போது மட்டுமாவது கைய விடச் சொல்லி டீச்சர்கிட்ட தன்மையா கேளுங்க. 1986-ல ப்ரெக்கின்ரிட்ஜ் சர்ச்சும் கோல்டின்-மெடோவும், 5-லேர்ந்து 8 வயசு வரைக்கும் இருக்குற புள்ளைங்ககிட்ட ஒரே அளவு தண்ணிய வேற வேற வடிவ பாத்திரத்துல ஊத்திக் காட்டி எதுல ஜாஸ்தின்னு கேக்குற மாதிரி கேள்விங்க கேட்டாங்க. ஒரு புள்ள வாயால "இது ஒசரமா இருக்கு, இதுலதான் ஜாஸ்தி"ன்னு தப்பா சொல்லுது, அதே நேரம் கை இன்னொரு பாத்திரத்தோட அகலத்தக் காட்டுது. அந்த அகலம் வாய்க்கு இன்னும் வரல, கைக்கு வந்துடுச்சு. இப்படி வாயும் கையும் வேற வேற சொல்ற புள்ளைங்கதான் சொல்லிக் குடுத்ததும் மத்தவங்களவிட நல்லா கத்துக்கிட்டாங்க. 2007-ல கோல்டின்-மெடோ குழு, புள்ளைங்க கணக்கு விளக்கும்போது கைய ஆட்டச் சொல்லியே பாத்தாங்க, புதுசா சரியான வழிங்க கையில வந்துச்சு, அப்புறம் நடத்தின பாடமும் நல்லா ஏறுச்சு.

அதனால வீட்டுல ஹோம்வொர்க் பாக்கும்போது உங்க புள்ள தப்பா பதில் சொன்னா ஒடனே திருத்தாம "எப்படி வந்துச்சு, கைய வச்சு காட்டு"ன்னு கேளுங்க, கேட்டுட்டு விரல் எந்த எண்ணு மேல போகுது, எங்க நிக்குதுன்னு பாருங்க, அடுத்து எத சொல்லிக் குடுக்கணும்னு அங்கேர்ந்து உங்களுக்கே தெரியும்.